லியோபா குத்த மறுத்த முத்திரை

லியோபா ஷ்வெங்கை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் க்ரோன்ஃபெல்டன் நகராட்சியின் வார இதழ் என் வீட்டுக்கு வந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், குப்பை வண்டி வரும் நாள்களுக்கும் நாய் வரி அறிவிப்புக்கும் நடுவே, அவருக்கு எட்டு வரி ஒதுக்கியிருந்தார்கள். "நம் க்ரோன்ஃபெல்டனின் மகள்." "அமைதியே உருவான தபால் ஊழியர்." "1975இல் நம் நகரின் அறுநூற்று ஐம்பதாம் ஆண்டு விழாவில் சிறப்பு முத்திரைப் பணியில் பங்கேற்றவர்."

எட்டு வரியில் மூன்று பொய். செத்தவர் திரும்பி வந்து கேட்கமாட்டார் என்ற தைரியம்.

அவர் க்ரோன்ஃபெல்டனின் மகள் அல்ல. டோர்ன்ரீட்டில், கீழ்வாசல் தெருவில், குதிரைச் சேணம் தைக்கும் ஒருவருக்கு 1919இல் பிறந்தவர். அமைதி என்ற குணம் அவரிடம் தூக்கத்திலாவது இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். மூன்றாவது பொய்யைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுத உங்களுக்கு என்ன யோக்கியதை என்று அவர் இருந்தால் கேட்டிருப்பார். நியாயமான கேள்வி. அதற்கும் வருகிறேன்.

என் பெயர் எர்வின் போல். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். போர் முடிந்தபின், 1946இல், ஜெர்மன் பேசும் எங்களைப் பொஹிமியாவிலிருந்து விரட்டியபோது ஒரு மரப்பெட்டியோடு டோர்ன்ரீட் ரயிலடியில் வந்து இறங்கினேன். ஊரில் பாதிப் பேர் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் தபால் ஆபீஸுக்குப் போய், என் அம்மாவிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் மூன்று மூட்டைகளைக் கொட்டித் தேடினார்.

"இன்னிக்கு இல்லை. நாளைக்கு வாங்க. தினமும் வாங்க. வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருந்துடாதீங்க."

ஏழு மாதம் தினமும் போனேன். ஏழாம் மாதம் கடிதம் வந்தபோது, அவர் கவுண்டரை விட்டுத் தெருவுக்கே ஓடிவந்து கொடுத்தார். லியோபாவை நான் அறிந்தது அப்படித்தான்.

1943இல் ஆண்கள் எல்லாரும் போர்முனைக்குப் போய்விட்டதால் தபால் ஆபீஸில் பெண்களைச் சேர்த்தார்கள். அப்படி வேலைக்கு வந்தவர் அவர். கணவர் கான்ஸ்டன்டின் கிழக்கே எங்கோ காணாமல் போனார். லியோபா அவருக்கு எழுதிய பதினோரு கடிதங்கள், ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற குறிப்போடு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. திரும்பி வரும் கடிதத்தின் முதுகில் வந்து சேர்ந்த நாளின் முத்திரையைக் குத்த வேண்டும் என்பது விதி. குத்த வேண்டிய ஊழியர் அவரேதான்.

"பதினோரு தடவையும் நானே குத்தினேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஒண்ணுகூடக் கலங்கலா விழலை. எழுத்து எழுத்தாப் படிக்கலாம். முத்திரைன்னா என்ன வாத்தியாரே? இந்த ஊரு, இந்த நாளு. அவ்வளவுதான். அதுல பொய் சொல்லிட்டா, அப்புறம் உலகத்துல எதைத்தான் நம்புறது?"

எங்கள் ஊர்த் தபால்தலைச் சங்கம் வியாழக்கிழமைகளில் 'சிவப்பு எருது' விடுதியின் பின்னறையில் கூடும். நான் செயலாளர். பதினான்கு ஆண்களுக்கு நடுவே லியோபா ஒருவர்தான் பெண். மற்றவர்கள் தபால்தலையைச் சேர்த்தார்கள், அவர் முத்திரையைச் சேர்த்தார். அதுவும் டோர்ன்ரீட் முத்திரையை மட்டும். ஊர்ப் பெயரை எந்த வருடம் எப்படி எழுதினார்கள், ரயில் எப்போது வந்தது, எந்த அரசன் போய் எந்த அரசு வந்தது என்று எல்லாவற்றையும் அந்த வட்டக் கறைகளிலிருந்தே சொல்லிவிடுவார். பள்ளியில் நான் நடத்திய ஊர் வரலாறு பாதிக்கு மேல் அவரிடம் கேட்டுக்கொண்டது.

1974இல் இடி விழுந்தது. சின்ன ஊர்களைப் பெரிய ஊர்களோடு சேர்த்துவிடுவது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். டோர்ன்ரீட்டைக் க்ரோன்ஃபெல்டனோடு சேர்க்கலாமா என்று எங்களையும் ஒப்புக்குக் கேட்டார்கள். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வேண்டாம் என்றோம். தொண்ணூற்றேழு பேர் சரி என்றார்கள். சேர்த்துவிட்டார்கள்.

அந்த வருடத்தின் கடைசி நாள் தபால் ஆபீஸ் வாசலில் சந்தைக் கிணறு வரைக்கும் வரிசை. டோர்ன்ரீட் என்ற பெயரோடு கடைசி முத்திரை வாங்க, ஜனங்கள் தங்கள் வீட்டு விலாசத்துக்கே கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். லியோபா காலையிலிருந்து உட்காரவில்லை. ஆபீஸ் மூடும் நேரத்துக்கு, க்ரோன்ஃபெல்டனிலிருந்து மேலதிகாரி வெல்ட்டெ வந்து பழைய இரும்பு முத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு புதியதை மேசைமேல் வைத்தார். லியோபா அதைத் திருப்பி எழுத்தைப் படித்தார்.

"க்ரோன்ஃபெல்டன் மூணா? ஒண்ணும் ரெண்டும் யாரு?"

"ஒண்ணு தலைமை ஆபீஸ். ரெண்டு ரயிலடி ஆபீஸ்" என்றார் வெல்ட்டெ.

"அப்போ அறுநூத்தைம்பது வருஷத்து ஊரு, உங்க ரயிலடிக்கும் அடுத்தபடி."

"நான் என்னம்மா பண்ண? எனக்கு வந்த உத்தரவு."

"ஆமா. இந்த நாட்டுல எல்லாருக்கும் உத்தரவு மட்டும்தான் வரும்."

வெல்ட்டெ கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கெட்டவர் அல்ல, முதுகெலும்பில்லாதவர். அவரைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்லக்கூடாது. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம் பள்ளியில் நான் ரொட்டியைப் பிரித்து வைத்திருந்தேன். கதவைத் தட்டாமல் லியோபா உள்ளே வந்து, செய்தித்தாளை மேசைமேல் அறைந்தார். காபி சிந்தியது.

"படிங்க. சத்தமாப் படிங்க."

படித்தேன். க்ரோன்ஃபெல்டன் நகரம் தனது அறுநூற்று ஐம்பதாம் ஆண்டை வரும் செப்டம்பரில் மூன்று நாள் விழாவாகக் கொண்டாடுகிறது. தபால் துறை சிறப்பு முத்திரை வெளியிடுகிறது. முத்திரையின் படமும் போட்டிருந்தார்கள். ஒரு வாசல் கோபுரம், சுற்றிலும் எழுத்து: 'க்ரோன்ஃபெல்டன் நகரம், 1325–1975'.

எனக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. 1325இல் நகர உரிமை பெற்றது டோர்ன்ரீட். அந்த வட்டாரத்துப் பிரபு ஆட்டுத்தோலில் எழுதி முத்திரை தொங்கவிட்டுக் கொடுத்த பட்டயம் எங்களுடையது. க்ரோன்ஃபெல்டன் 1810 வரைக்கும் பன்றி மேய்த்துக்கொண்டிருந்த கிராமம். ஓர் அரசன் அங்கே அலுவலகம் வைத்ததால் நகரமானது. அந்தக் கோபுரமும் எங்கள் கீழ்வாசல் கோபுரம்தான். லியோபா பிறந்த வீட்டுச் சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது.

"ஊரை எடுத்துக்கிட்டான். பேரை எடுத்துக்கிட்டான். இப்போ வயசையும் எடுத்துக்குறான்" என்றார் லியோபா. "நாளைக்கு என் அப்பனையும் அவன் அப்பன்னு சொல்லுவான்."

அந்தக் கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1945 ஏப்ரலில் குண்டு விழுந்து டோர்ன்ரீட் நகர மண்டபம் எரிந்தபோது, அங்கிருந்த வயதான எழுத்தர் ஒருவர் பட்டயம் இருந்த தகரக் குழாயைச் சன்னல் வழியாக வெளியே நீட்டினார். வாங்க வேறு ஆளில்லை. லியோபா அதைத் தபால் மூட்டையில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு மதுவடிப்பாலையின் நிலவறைக்கு ஓடினார். ஒன்பது நாள் அதன்மேல் தலை வைத்துப் படுத்திருந்தார். விழாவுக்காக க்ரோன்ஃபெல்டன் அச்சடித்த மலரில் பட்டயம் "நிர்வாகத்தின் முன்யோசனையால் காப்பாற்றப்பட்டது" என்று இருந்தது.

மேயரைப் பார்க்கப் போனோம். நானும் கூடப் போனேன், அதையாவது செய்தேன். க்ரோன்ஃபெல்டன் நகர மண்டபத்தில் மேயர் ரைசரின் அறை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள், ஊரோடு சேர்த்து அவர்கள் எடுத்துப்போயிருந்த எங்கள் பட்டயம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. லியோபா அதன் முன் ஒரு நிமிடம் நின்றார். பிறகு உள்ளே போனார்.

ரைசர் சிரித்த முகக்காரர். எழுந்து வந்து கை கொடுத்தார்.

"வாங்க வாங்க ஷ்வெங்கம்மா. காபி சொல்லட்டுமா?"

"காபி என் வீட்டுலயே இருக்கு. வெளிய பெட்டிக்குள்ள இருக்கிறது எங்க ஊர்ப் பட்டயம். எப்போ திருப்பித் தர்றீங்க?"

"எங்க ஊரு, உங்க ஊருன்னு இனிமே என்னம்மா இருக்கு? கல்யாணம் ஆயாச்சு. உங்க சொத்து எங்க சொத்து, எங்க சொத்து உங்க சொத்து."

"கல்யாணமா? ஆயிரத்து முந்நூத்துப் பன்னிரண்டு பேரு வேண்டாம் வேண்டாம்னு கத்தக் கத்த இழுத்துட்டுப் போனீங்களே, அதுக்குப் பேரு கல்யாணமா?"

ரைசர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், பெண்பிள்ளை பேசுகிறாள் என்பதுபோல.

"சரி, கல்யாணம்னே வெச்சுக்குவோம்" என்றார் லியோபா. "பொண்டாட்டி வயசுல மூத்தவங்கிறதுக்காக மாப்பிள்ளை தன் பிறந்த தேதிய மாத்திக்குவாரா, மேயரே?"

ரைசரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "ஜனங்களுக்கு ஒரு விழா வேணும்மா. பீர் வேணும், பேண்டு வேணும், ராட்டினம் வேணும். எந்த வருஷம் எந்த ஊருன்னு யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாக்குறேன்."

"நீங்க அரசாங்க ஊழியர், ஷ்வெங்கம்மா. பாத்துப் பேசுங்க." பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "வாத்தியாரும் அரசாங்க ஊழியர்தான்."

நான் தரையைப் பார்த்தேன். புதிதாக மெழுகு போட்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் லியோபா அழவில்லை, திட்டவுமில்லை. பேருந்தில் வரும்போதே திட்டம் போட்டுவிட்டார். சிறப்பு முத்திரையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு நிகழ்ச்சி வேண்டும், நடத்த ஒரு சங்கம் வேண்டும், சங்கத்தின் செயலாளர் கையெழுத்து வேண்டும். டோர்ன்ரீட்டில் தபால் நிலையம் தொடங்கியது 1825இல். சரியாக நூற்றைம்பது வருடம். அதே செப்டம்பரில், அதே நாளில் நம் சங்கம் கண்காட்சி வைக்கட்டும். நமக்கும் ஒரு முத்திரை கிடைக்கும். அதில் டோர்ன்ரீட் என்ற பெயர் இருக்கும், கோபுரம் இருக்கும், 1325ஐயும் ஓர் ஓரத்தில் போட்டுவிடலாம்.

"சட்டப்படி மறுக்க முடியாது வாத்தியாரே! விதிப் புத்தகத்தை முப்பத்திரண்டு வருஷமாத் தலைகீழாப் படிச்சவ நான்."

விண்ணப்பத்தை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்து தந்தார். படத்தையும் வரைந்திருந்தார். மே முப்பத்தொன்றுக்குள் தபால் தலைமையகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

அதை நான் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

அந்த வருடம் எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஓய்வு பெறவிருந்தார். அடுத்த ஆள் நான் என்று பேச்சு இருந்தது. நகர மண்டபத்திலிருந்து ஒரு வார்த்தை எதிராக வந்தால் போதும், பேச்சு நின்றுவிடும். நாளைக்குக் கையெழுத்துப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று ஒவ்வொரு நாளும் இழுப்பறையைத் திறந்து மூடினேன். மே முடிந்தது.

ஜூன் மூன்றாம் தேதி தபால்தலை வாங்கப் போனேன். எனக்குப் பின்னால் யாருமில்லை. லியோபா கேட்ட தபால்தலையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த ஊரை விட்டுப் போற ஒவ்வொரு கவரும் என் கையால முத்திரை வாங்கிட்டுத்தான் போகுது. உங்க கவரு வரவே இல்லையே, வாத்தியாரே."

நான் என்னென்னவோ சொன்னேன். பரீட்சை, வேலை, மறதி. கடைசியில் இதையும் சொன்னேன்: "பேருல என்ன இருக்கு லியோபாம்மா? நான் பொறந்த ஊரோட பேரு இன்னிக்கு எந்த வரைபடத்துலயும் இல்லை. நான் வாழலையா?"

அவர் முகம் சிவந்து பிறகு வெளுத்தது.

"அந்தப் பேரு போனப்ப அழுதீங்களா இல்லையா?"

"அழுதேன்."

"அந்த வாயாலயா இதைச் சொல்றீங்க? ஏழு மாசம் இந்தக் கவுண்டருக்கு முன்னால நின்னு, அந்தப் பேரு போட்ட ஒரு கடுதாசிக்காக உசுர கையில புடிச்சுக்கிட்டு நின்னது யாரு? நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா?" கவுண்டரின் மரத் தடுப்பை இறக்கினார். "மூடியாச்சு. போங்க."

மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. நான் வந்துவிட்டேன். தலைமை ஆசிரியர் பதவி எனக்குத்தான் கிடைத்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லியோபா தனியாகத் தபால் தலைமையகத்துக்கு ஆட்சேபம் எழுதினார். முத்திரையில் உள்ள வாசகத்துக்கு விழா நடத்துபவரே பொறுப்பு, தபால் துறை அல்ல என்று மூன்று வரியில் பதில் வந்தது. ஆகஸ்டில் இன்னொரு தாள் வந்தது. விழாத் திடலில் அமைக்கப்படும் தற்காலிகத் தபால் நிலையத்தில், மூன்று நாளும் சிறப்பு முத்திரை குத்தும் பணிக்கு, அந்த வட்டாரத்திலேயே சுத்தமாக முத்திரை குத்தக்கூடிய ஊழியர் என்ற முறையில், லியோபா ஷ்வெங்க் நியமிக்கப்படுகிறார். ரைசரின் வேலையா, வெல்ட்டெயின் யோசனையா, அல்லது யாரோ ஒரு மடையன் பட்டியல் பார்த்துப் போட்டதா, இன்றுவரை தெரியாது. யார் போட்டிருந்தாலும், அந்தத் தாளை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை. க்ரோன்ஃபெல்டன் சந்தைத் திடலில் கூடாரம். பேண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள், பொரித்த வெங்காய வாசம் தூக்கியது. தபால் மேசைக்கு முன்னால் இருநூறு பேர் வரிசை. தூரத்து ஊர்களிலிருந்து சேகரிப்பாளர்கள் வந்திருந்தார்கள். நானும் நின்றேன். சங்கத்துக்காக வாங்கியிருந்த பன்னிரண்டு கவர்கள் என் கையில் இருந்தன. செயலாளர் வராவிட்டால் நன்றாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லியோபா சீருடையில் மேசைக்குப் பின்னால் நின்றார். பக்கத்தில் வெல்ட்டெ. சரியாகப் பத்து மணிக்கு மேயர் ரைசர் முதல் கவரை நீட்டினார். படம் எடுக்க ஆள் தயாராக இருந்தார்.

லியோபா முத்திரையைக் கையில் எடுத்தார். திருப்பி அதன் முகத்தைப் பார்த்தார். மைத்தட்டின் மூடியைச் சாத்தி, அதன்மேல் முத்திரையைப் படுக்கவைத்தார்.

"இதை நான் குத்தமாட்டேன்."

அவர் கத்தவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது. பேண்டு ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் நின்றிருந்தது.

"ஷ்வெங்கம்மா, விளையாடாதீங்க" என்று வெல்ட்டெ பல்லுக்கிடையில் சொன்னார். "இது உத்தரவு."

"எழுத்துல குடுங்க. மறுப்பை நான் எழுதியே கொண்டாந்திருக்கேன்." கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினார்.

ரைசரின் கை கவரோடு அப்படியே நின்றது. "இது என்ன நாடகம்? மூணு நாள் விழாவ ஒரு ஆளு கெடுக்குறதா?"

"நாடகம் போடுறது நீங்க. நான் வேஷம் கட்ட மாட்டேங்கிறேன், அவ்வளவுதான்." பிறகு வரிசையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "கேட்டுக்கங்க! இந்த ஊருக்கு அறுநூத்தைம்பது வயசு இல்லை, நூத்தறுபத்தஞ்சு. அந்தப் பட்டயம் டோர்ன்ரீட்டுது. எரியிற கட்டடத்துலேர்ந்து அதைத் தூக்கிட்டு ஓடினவ நான். எந்த நிர்வாகமும் அன்னிக்கு அங்க இல்லை. எல்லாரும் ஓடிப்போயிட்டாங்க!"

"அந்தக் கோபுரம் எங்க தெருவுல நிக்குதுடா!" என்று வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல். எங்கள் ஊர்க் கறிக்கடைக்காரர் பாய்ஷ். கையிலிருந்த கவர்களை நான்காகக் கிழித்துத் தரையில் போட்டுவிட்டு வெளியேறினார். அவர் மனைவி போனார். இன்னும் இருபது முப்பது பேர் போனார்கள். வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவர், என்ன தகராறாக இருந்தாலும் தனக்கு மாலை ரயிலுக்கு முன் முத்திரை வேண்டும் என்று புலம்பினார்.

டோர்ன்ரீட்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்று பின்னாளில் ஒரு கதை கிளம்பியது. பொய். பாதிப் பேர் நகரவில்லை. கவர் வாங்கியாயிற்று, விடுமுறை எடுத்தாயிற்று, பிள்ளைகள் ராட்டினத்துக்கு அழுகின்றன.

நானும் நகரவில்லை.

லியோபா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வரிசை ஓரமாகவே நடந்து போனார். என்னைக் கடக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கவர்களைப் பார்த்தார். பிறகு நடந்துவிட்டார்.

வெல்ட்டெ தானே குத்த ஆரம்பித்தார். அவருக்குப் பழக்கமில்லை. மேயரின் முதல் கவரில் கோபுரம் இரண்டாகத் தெரிந்தது. என் பன்னிரண்டையும் அவர்தான் குத்தினார்.

விசாரணை நடந்தது. தலைமையகத்து அதிகாரிகள் மாநில ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். காப்பகம் ஒரே வரியில் பதில் சொன்னது: 1325ஆம் ஆண்டுப் பட்டயம் டோர்ன்ரீட்டைப் பற்றியது மட்டுமே. ஆக, லியோபா சொன்னது சரி என்று அவர்கள் கோப்பிலேயே இருந்தது. அப்படியும் தண்டித்தார்கள். வாசகம் சரியா தவறா என்பது ஊழியரின் கவலை அல்ல, கீழ்ப்படியாமை நிரூபணமாகிவிட்டது என்று எழுதினார்கள். கவுண்டர் வேலையைப் பறித்து, க்ரோன்ஃபெல்டன் தலைமை ஆபீஸின் பார்சல் கூடத்தில் போட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் இருபது கிலோ பெட்டிகளைத் தூக்கித் தள்ளுவண்டியில் அடுக்கும் வேலை. ரைசரிடம் பத்திரிகைக்காரர் கேட்டபோது, "வரலாறு வேற, கொண்டாட்டம் வேற" என்றார். அடுத்த தேர்தலில் அறுபத்தெட்டு சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

பார்சல் கூடத்தில் இளவட்டங்கள் அவருக்குப் 'பட்டயக் கிழவி' என்று பெயர் வைத்தார்கள்.

"கிழவின்னா சரி, வயசைச் சரியாச் சொல்றீங்க. உங்க மேயருக்கு அது வராது" என்றாராம்.

நான்கு வருடம் காலைப் பேருந்தில் போய் வந்தார். நான்கு வருடமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கத்துக்கு வந்தார். என் எதிரில் உட்கார்ந்து, எனக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்து ஆளிடம் சொன்னார். "செயலாளர்கிட்டச் சொல்லுங்க, போன மாசக் குறிப்புல தேதி தப்பு." நான் திருத்திக்கொள்வேன்.

1979 இலையுதிர் காலத்தில், ஓய்வு பெற்ற மறுவாரம், ஒரு மத்தியானம் என் வீட்டு மணி அடித்தது. லியோபா. பின்னால் தள்ளுவண்டியில் மூன்று அட்டைப்பெட்டிகள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க" என்றார் வாசலிலேயே. "உங்களுக்கு லத்தீன் தெரியும், எனக்குத் தெரியாது. அதான் வந்தேன்."

பெட்டிகளில் முத்திரைகள், பழைய கடிதங்கள், காப்பகத்திலிருந்து அவர் வரவழைத்த பட்டயத்தின் நகல். டோர்ன்ரீட்டின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுவது என்று பார்சல் கூடத்தில் நிற்கும்போதே முடிவு செய்திருந்தார். பெட்டிகளை என் சமையலறை மேசைமேல் இறக்கினோம். என் மனைவி பருப்புக் குழம்பும் மாவு நூடுல்சும் போட்டாள். லியோபா சாப்பிட்டுக்கொண்டே, நான் அங்கேயே எழுதிப் பார்த்த முதல் வரியை அடித்தார்.

அதிலிருந்து நான்கு வருடம் சண்டைதான். ஒரு சொல்லுக்காக இரண்டு வாரம் வராமல் இருந்திருக்கிறார். நான் வழவழவென்று எழுதுகிறேன் என்பது அவர் குற்றச்சாட்டு. "யாரு செஞ்சாங்கன்னு சொல்லுங்க. 'செய்யப்பட்டது'ன்னு எழுதாதீங்க. தானா எதுவும் செய்யப்படாது." அச்சுக்குப் போகும் சமயத்தில் ரைசர் ஆளனுப்பினார். நகராட்சி அச்சுச் செலவை ஏற்கும், முன்னுரை மட்டும் அவர் எழுதுவார் என்று. லியோபா வந்த ஆளை நிற்கவைத்தே பதில் சொன்னார். "முன்னுரை வேண்டாம். பட்டயத்தைத் திருப்பி அனுப்பினா அட்டைப்படத்துக்கு உதவும்னு சொல்லுங்க." பட்டயம் வரவில்லை. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் முன்பதிவு செய்தே புத்தகம் வந்தது.

கடைசி அத்தியாயம் 1975. அதை நான்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எழுதினேன். முத்திரையை மறுத்தது, பாய்ஷ் கவரைக் கிழித்தது, எல்லாம் வந்தது. வரிசையில் நின்றவர்களைப் பற்றி 'டோர்ன்ரீட்காரர்கள் சிலரும் இடத்தை விட்டு நகரவில்லை' என்று ஒரு வரி. அதற்கு முன்பு மே மாதம் நடந்தது பற்றி, 'சங்கத்தின் விண்ணப்பம் உரிய காலத்தில் அனுப்பப்படவில்லை' என்று இன்னொரு வரி.

லியோபா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சிவப்புப் பென்சிலை எடுத்து 'டோர்ன்ரீட்காரர்கள் சிலரும்' என்பதை அடித்தார். மேலே தன் வட்டமான தபால்காரக் கையெழுத்தில் எழுதினார்: 'பள்ளி ஆசிரியர் எர்வின் போல், பன்னிரண்டு கவர்களுடன்'. மே மாதத்து வரியையும் விடவில்லை. 'செயலாளர் போல் அனுப்பவில்லை' என்று திருத்தினார்.

எனக்குக் காது சூடானது. "என் பேரப்பிள்ளைங்க இதைப் படிக்கும், லியோபாம்மா."

"படிக்கட்டும்."

"நாலு வருஷம் உங்ககூட உக்காந்து எழுதியிருக்கேன். அதுக்காகவாவது..."

"அதுக்குத்தான் அட்டையில உங்க பேரு இருக்கே. என் பேருக்குப் பக்கத்துலயே." தாளை என் பக்கம் தள்ளினார். "அங்க இருக்கிற பேரு இங்கயும் இருக்கணும். இல்லைன்னா ரெண்டையும் எடுத்துடலாம். சொல்லுங்க."

கோபம் வந்தது. அவர்மேல்தான் வந்தது, அதுதான் கேவலம். என் மனைவி அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அவங்க எழுதினதுல எது தப்பு?"

தப்பு ஒன்றும் இல்லை. அப்படியே அச்சுக்கு அனுப்பினேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், நடுவில்.